ஓட்டக்காரர் சங்கத் தலைவரானால்: அந்த வாழ்க்கையை எழுதும் முறை

நெடுந்தூர ஓட்டத்தில் பெயரெடுத்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ மின்வாரியத்திலோ போக்குவரத்துக் கழகத்திலோ வேலைக்குச் சேர்ந்து, பிறகு சங்கத்தின் பொதுச்செயலாளராக உயர்ந்த ஒருவரைப் பற்றி எழுதப் பலர் ஆசையோடு தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அது பணி ஓய்வு நாளில் வெளியிடும் மலராகவே முடிந்துவிடுகிறது. ஓட்டத்துக்கு ஒரு பத்தி, போராட்டங்களுக்கு நான்கு பக்கம், மீதியெல்லாம் வாழ்த்துரை.

இதற்குக் காரணம் அக்கறைக் குறைவு என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட வாழ்க்கையின் தடயங்கள் இரண்டு தனித்தனி உலகங்களில் கிடக்கின்றன. தடகளச் சங்கத்தாருக்கு அவர் ஓடிய நேரம் தெரியும். எந்த வேலைநிறுத்தத்தில் சஸ்பெண்ட் ஆனார் என்பது தெரியாது. தொழிற்சங்கத்தாருக்கு அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மனப்பாடம். அவர் ஓடியது 5,000 மீட்டரா 10,000 மீட்டரா என்று கேட்டால் விழிப்பார்கள். எழுதுபவரின் முதல் வேலை இரண்டு உலகங்களிலும் தேடுவது. கடினமான வேலை, கடைசிப் பந்தயத்துக்கும் முதல் சங்கப் பொறுப்புக்கும் நடுவே இருக்கும் ஆண்டுகளை நிரப்புவது. அந்த வாழ்க்கை திரும்பிய இடம் அதுதான்.

முறையை விளக்க ஓர் உண்மையான ஆளை எடுத்துக்கொள்வோம். எமில் வோய்க்ட் 1883இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஜெர்மன் பெற்றோருக்குப் பிறந்தவர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் 5 மைல் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பிறகு ஆஸ்திரேலியா போய், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான லேபர் கவுன்சிலோடு சேர்ந்து, அதற்குச் சொந்தமான 2 கே.ஒய். வானொலி நிலையத்தை சிட்னியில் உருவாக்கினார். அது 1925 அக்டோபர் 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அவர் 1973இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இறந்தார். ஓட்டப் புள்ளிவிவர நூல்களில் அவர் ஒரு வரி, ஆஸ்திரேலிய வானொலி வரலாற்றில் இன்னொரு வரி. இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாமலே இரண்டையும் படித்துவிட்டுப் போகலாம்.

முதலில் ஒரு காலக்கோடு

பேட்டிக்குப் போவதற்கு முன்பே ஒரு விரிதாள் திறந்துகொள்ளுங்கள். ஐந்து நெடுவரிசைகள் போதும்: தேதி, நிகழ்ச்சி, முதல் சான்று, இரண்டாவது சான்று, சந்தேகம். தேதி தெரியாவிட்டால் மாதம், மாதம் தெரியாவிட்டால் ஆண்டு. ஆனால் எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். பத்திரிகையோ பதிவேடோ அந்தக் காலத்திலேயே எழுதிய சான்றுக்கு ‘அ’, பின்னாளில் எழுதியதற்கு ‘ஆ’, வாய்மொழிக்கு ‘இ’ என்று எழுத்துப் போட்டுவிட்டால் பிறகு குழப்பம் வராது. ‘இ’ மட்டும் இருக்கும் வரியை நூலில் உறுதியான செய்தியாக எழுதக் கூடாது. ‘அவர் நினைவுகூர்கிறார்’ என்றே எழுத வேண்டும். பணி ஓய்வு மலரில் வந்த வாழ்த்துரையைச் சான்றாக எடுக்கவே வேண்டாம். அதில் வரும் தேதிகள் பெரும்பாலும் மேடையில் கேட்டு எழுதியவை.

ஓட்டப் பாதியைச் சரிபார்ப்பது

ஓட்டக்காரரின் வாழ்க்கையில் மிகுதியாகத் தவறுவது எண்கள்தான். மூன்று விஷயங்களைத் தனித்தனியே பாருங்கள்: தூரம், நேரம், இடம்.

தூரத்தில் மைல்–மீட்டர் குழப்பம் முதலாவது. 3 மைல் என்பது 4,828 மீட்டர். 5,000 மீட்டரைவிட 172 மீட்டர் குறைவு. 6 மைல் 9,656 மீட்டர். பழைய ஓட்டக்காரர் ‘ஐயாயிரத்தைப் பதினாலரை நிமிஷத்துல முடிச்சேன்’ என்று சொன்னால் அது 3 மைல் நேரமாக இருக்கலாம். 3 மைலை 14 நிமிடம் 30 விநாடியில் ஓடியவர் அதே வேகத்தில் 5,000ஐ முடிக்க ஏறக்குறைய 15 நிமிடம் 1 விநாடி ஆகும். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு தூரமும் நினைவில் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். சான்றிதழை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாரத்தான் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 42.195 கிலோமீட்டர் என்ற தூரம் 1908 லண்டனில் ஓடியது. அது 1921இல்தான் விதியாக நிலைத்தது. 1912 ஸ்டாக்ஹோமில் 40.2 கிலோமீட்டர், 1920 ஆண்ட்வெர்ப்பில் 42.75 கிலோமீட்டர். நம் ஊர்ச் சாலை ஓட்டங்களில் ‘மாரத்தான்’ என்று விளம்பரம் செய்துவிட்டு 10 கிலோமீட்டர் ஓடவிடுவது இன்றும் உண்டு. பழைய சாலைப் பந்தயங்களை மோட்டார் சைக்கிள் மீட்டரை வைத்து அளந்திருப்பார்கள்; அந்த அளவு சில நூறு மீட்டர் முன்பின் இருக்கும். இன்றைய அங்கீகார முறையில், எஃகு நாடாவால் அளந்த நேர்சாலையில் சைக்கிள் சக்கரத்தை ஒப்பிட்டுச் சரிபார்த்து, அதன் பிறகு பாதை முழுவதையும் அந்தச் சைக்கிளால் அளப்பார்கள்; பாதை குறைந்துவிடாதிருக்க ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூட்டுவார்கள். மாரத்தானில் அது 42 மீட்டர். இந்த முறையில் அளக்காத பாதையின் நேரத்தை ஓடுதள நேரத்தோடு ஒப்பிட்டு எழுதக் கூடாது.

நேரத்தில் இரண்டு சோதனைகள் உண்டு. 1908 காலத்தில் கையால் அழுத்தும் நிறுத்துக்கடிகாரத்தில் விநாடியை ஐந்தாகப் பிரித்தே குறிப்பார்கள். ஆகவே தசமம் .0, .2, .4, .6, .8 என்றுதான் வரும். 1908ஆம் ஆண்டு நேரம் என்று ஒரு பக்கத்தில் .3 இருந்தால் நகலெடுத்தவர் எங்கோ தவறியிருக்கிறார். இரண்டாவது, சுற்றுக் கணக்கு. 400 மீட்டர் தளத்தில் 10,000 மீட்டருக்கு 25 சுற்று. மாவட்ட மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் புல்தளம் என்றால் 50 சுற்று; எண்ணுபவர் ஒன்று தவறுவது சாதாரணம். வழக்கமாக 32 நிமிடம் ஓடுபவர் 400 மீட்டர் தளத்தில் திடீரென ஒருநாள் 30:45 ஓடினார் என்றால், குறைந்த 75 விநாடியும் ஏறத்தாழ ஒரு சுற்றின் நேரம் என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டின் மற்றப் பந்தயங்களையும் பார்க்காமல் அந்த நேரத்தை அவருடைய சாதனையாக எழுத வேண்டாம்.

வோய்க்டின் வெற்றியை இந்தச் சோதனைகளில் வைத்துப் பார்க்கலாம். அதிகாரப்பூர்வ நேரம் 25 நிமிடம் 11.2 விநாடி. இரண்டாவதாக வந்த எட்வர்ட் ஓவனுக்கு 25:24.0, மூன்றாவதாக வந்த ஸ்வீடனின் யோன் ஸ்வான்பெர்க்குக்கு 25:37.2. ஓட்டம் நடந்த ஒயிட் சிட்டி அரங்கின் தளம் மைலுக்கு மூன்று சுற்று. ஆக 5 மைலுக்கு 15 சுற்று, ஒவ்வொன்றும் 536 மீட்டர் சொச்சம். சராசரியாகச் சுற்றுக்கு 100.7 விநாடி, கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 8 விநாடி. 12.8 விநாடி இடைவெளியை அந்த வேகத்தில் தூரமாக மாற்றினால் 65 மீட்டரைத் தாண்டுகிறது. அதாவது கோட்டை நெருங்கியபோது பின்னால் நெருக்க யாரும் இல்லை. ஒரே நேரக் குறிப்பிலிருந்து பந்தயத்தின் கடைசிக் காட்சியை எழுதலாம். கற்பனை தேவைப்படவில்லை, கணக்குத்தான்.

அந்த நேரத்தின் மதிப்பை அதே காலத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். 5 மைலுக்கு ஆல்பிரட் ஷ்ரப் 1904இல் ஓடிய 24:33.4 அப்போது சாதனையாக இருந்தது. வோய்க்ட் ஒலிம்பிக் வென்றார், சாதனையை நெருங்கவில்லை. இன்றைய ஓட்டக்காரரோடு ஒப்பிடுவதால் வாசகருக்கு எதுவும் விளங்காது. ஒலிம்பிக்கில் 5 மைல் ஓட்டம் அதன் பின் நடக்கவே இல்லை என்பதையும், 1912இல் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் வந்தன என்பதையும் சொன்னால் அவர் பெயர் ஏன் மறைந்தது என்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். தொடர்ந்து நடக்கும் ஓட்டத்தின் பழைய வெற்றியாளர் பெயர் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அச்சாகும். நின்றுபோன ஓட்டத்தின் வெற்றியாளருக்கு அது இல்லை.

இடம் என்பது ‘முதலிடம்’ என்ற சொல்லின் சிக்கல். கிராஸ் கன்ட்ரியில் குழு வெற்றி உண்டு: குழுவின் ஓட்டக்காரர்கள் வந்த இடங்களைக் கூட்டி, மொத்தம் குறைந்த குழு வெல்லும். தனியாக 14ஆவதாக வந்தவர் வீட்டிலும் தங்கப் பதக்கம் இருக்கலாம். பதக்கத்தின் பின்புறப் பொறிப்பைப் பார்த்து எழுதுங்கள். ரயில்வே ஊழியராக இருந்தால் கோட்டப் போட்டி, மண்டலப் போட்டி, அகில இந்திய ரயில்வேப் போட்டி, தேசியப் போட்டி என்று அடுக்குகள் வேறு. ‘ஆல் இந்தியா சாம்பியன்’ என்று சக ஊழியர்கள் சொல்வது பெரும்பாலும் ரயில்வேக்குள் நடந்த போட்டியாக இருக்கும். அதுவே பெரிய விஷயம்தான். அதன் சொந்தப் பெயரிலேயே சொல்லலாம்.

ஐரோப்பியத் தொழிலாளி ஓட்டக்காரர் என்றால் இன்னொரு கவனம். அங்கே தொழிலாளர் இயக்கம் தனக்கென விளையாட்டு அமைப்புகளை வைத்திருந்தது. பின்லாந்தில் 1919 முதல் தொழிலாளர் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு தனியே இயங்கியது. 1925இல் பிராங்க்பர்ட்டிலும் 1931இல் வியன்னாவிலும் 1937இல் ஆண்ட்வெர்ப்பிலும் தொழிலாளர் ஒலிம்பியாடுகள் நடந்தன. தேசியத் தடகளச் சங்கத்தின் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அவர் ஓடவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பெயர் தேடும்போது

வோய்க்ட் என்ற பெயரை ஆங்கிலப் பத்திரிகைகள் எழுத்து மாற்றி அச்சிட்டிருக்கின்றன. நம் பெயர்களில் இது பத்து மடங்கு. ‘ழ’வை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். தலைப்பெழுத்து முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, ஊர்ப்பெயரின் எழுத்தோடு ஒருமுறை வரும். ஆகவே தேடத் தொடங்கும்போதே ஒருவரின் பெயருக்குக் குறைந்தது ஆறு எழுத்து வடிவங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒரே மாவட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு ஓட்டக்காரர் இருந்திருக்கவும் கூடும். பிறந்த தேதி, பள்ளி அல்லது துறை, ஓடிய தூரம் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால் மட்டும் காலக்கோட்டில் சேருங்கள்.

ஆஸ்திரேலியா சம்பந்தப்பட்ட வாழ்க்கைக்கு அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம் பெரிய வரம். பழைய நாளிதழ்களை இலவசமாகத் தேடலாம். 1908 ஒலிம்பிக்கின் அதிகாரப்பூர்வ அறிக்கை முழுவதும் இணையத்தில் கிடைக்கிறது. மான்செஸ்டர் வட்டாரத் தொழிலாளர் வரலாற்றுக்கு சால்பர்டில் தொழிலாளி வர்க்க இயக்க நூலகம் இருக்கிறது. இங்கே என்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகத்தின் பழைய இதழ்கள், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், நொய்டாவில் வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தின் தொழிலாளர் வரலாற்று ஆவணங்கள். நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தைத் தேடும்போது பந்தயம் நடந்த மறுநாளோடு நிறுத்தாமல் மூன்று நாள்வரை புரட்ட வேண்டும். மாவட்ட முடிவுகள் தாமதமாகத்தான் அச்சேறும்.

நடுவில் இருக்கும் ஆண்டுகள்

வோய்க்டின் கதையில் 1908 லண்டனுக்கும் 1925 சிட்னிக்கும் நடுவே 17 ஆண்டுகள். அவற்றுக்குள் ஒரு குடிபெயர்வு, ஓர் உலகப்போர். ஜெர்மன் குடும்பப்பெயர் கொண்ட ஒருவர் பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பில் அந்தப் போர்க்காலத்தைக் கடந்திருக்கிறார். கப்பல் பயணிகள் பட்டியல், வாக்காளர் பட்டியல், முகவரி நூல்கள், உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரங்கள் ஆகியவை இந்த இடைவெளிக்கான சான்றுகள். கட்டுரையாளர் பலர் ‘பிறகு அவர் தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டார்’ என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடும் இடமும் இதுதான். அந்த வாக்கியம் உங்கள் வரைவில் வந்தால் அதைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அங்கேதான் மூன்று மாத வேலை காத்திருக்கிறது.

நம் ஊர் விளையாட்டு ஒதுக்கீட்டு ஊழியருக்கு இந்த இடைவெளியில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. விளையாட்டில் சேர்ந்தவர் சக தொழிலாளியின் கண்ணில் எப்போதும் நம்மில் ஒருவராக இருப்பதில்லை. மத்திய அரசு ஊழியர் தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்கு ஆண்டுக்கு 30 நாள்வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு எடுக்கலாம். அவர் மைதானத்தில் இருந்த நாளில் அவருடைய ஷிப்டை யார் பார்த்தார்கள்? அதில் மனக்கசப்பு உண்டா? அதிகாரிக்கு வேண்டியவர் என்ற பேச்சு எழுந்ததா? எழுந்திருந்தால் அது எப்போது, எதனால் மாறியது? சிலருக்குக் காயம்பட்டு ஓட்டம் நின்றபின் சலுகைகள் நின்றிருக்கும். சிலர் மற்றப் பிரிவுகளுக்குப் போட்டிக்காகப் போய்வந்ததில் அங்கிருந்த தொழிலாளர்களைத் தெரிந்துகொண்டிருப்பார்கள்; பின்னால் சங்கத் தேர்தலில் அந்த முகங்களே வாக்குகள் ஆகியிருக்கும். இதையெல்லாம் ஊகமாக எழுதாமல், அதே ஷிப்டில் வேலை பார்த்த இரண்டு பேரிடமாவது தனித்தனியே கேட்க வேண்டும்.

ஓட்டம் நின்ற தேதியையும் தேடுங்கள். ‘எழுபத்தெட்டோட விட்டுட்டேன்’ என்பார். 1980 கோட்டப் போட்டி முடிவில் அவர் பெயர் ஆறாவதாக இருக்கும். தோற்ற பந்தயங்களை நினைவு முதலில் கழித்துவிடுகிறது.

சங்கப் பாதியின் தாள்கள்

சங்க வரலாற்றில் மிக நம்பகமான தாள் சங்க அலுவலகத்துக்கு வெளியே இருக்கிறது. 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி பதிவுபெற்ற ஒவ்வொரு சங்கமும் பதிவாளருக்கு ஆண்டறிக்கை தர வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் நிர்வாகிகள் மாறியிருந்தால் அந்த மாற்றங்களையும் சேர்த்தே தர வேண்டியிருந்தது. ஒருவர் எந்த ஆண்டில் துணைச்செயலாளர், எந்த ஆண்டில் பொருளாளர், எப்போது பொதுச்செயலாளர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு தொழிலாளர் துறைக்கு மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் சங்கத்தின் பெயர், பதிவு எண், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதைக் குறிப்பிடுங்கள். ‘சங்கத்தின் எல்லா விவரமும்’ என்று கேட்டால் எதுவும் வராது. மனுவில் காரணம் எழுதத் தேவையில்லை. ஒருவருடைய பணிப்பதிவேட்டை நீங்கள் கேட்டால் தனிப்பட்ட விவரம் என்று மறுப்பார்கள். அதை அவரையே எழுத்துமூலம் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது ஒப்பந்தங்கள். 1947ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டத்தின்படி சமரச அதிகாரி முன்னால் போட்டது 12(3) ஒப்பந்தம்; நிர்வாகமும் சங்கமும் நேரடியாகப் போட்டது 18(1) ஒப்பந்தம். 12(3) அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டியது; 18(1) கையெழுத்திட்ட தரப்பாரை மட்டுமே கட்டியது. ‘சம்பள உயர்வு வாங்கிக் கொடுத்தார்’ என்ற வாக்கியத்துக்கு எவ்வளவு எடை என்பது இதில் அடங்கியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் பெயரும் பொறுப்பும் இருக்கும். அவர் பெயர் எத்தனையாவது, எந்தப் பொறுப்பில் என்று பாருங்கள். வேறு எந்தச் சங்கங்கள் கையெழுத்திட்டன என்பதையும் எழுதுங்கள். ஒருவர் தனியாகச் சாதித்ததாகச் சொல்லப்படும் பல ஒப்பந்தங்களில் நான்கு சங்கங்களின் கையெழுத்து இருக்கும். ரயில்வேயில் இந்த இடத்தைப் பி.என்.எம். (நிர்வாகமும் சங்கமும் பேசும் நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பு) கூட்டக் குறிப்புகள் பிடித்துக்கொள்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டங்களின் இடத்தில் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டதால், பழைய காலத்தை எழுதும்போது பழைய பிரிவு எண்களையே எழுதி, ஒருமுறை இதைக் குறிப்பிட்டுவிட்டால் போதும்.

தண்டனைகளுக்கும் தாள் உண்டு: சார்ஜ் ஷீட், சஸ்பென்ஷன் உத்தரவு, உள்விசாரணை அறிக்கை, டிஸ்மிஸ் உத்தரவு, லேபர் கோர்ட் தீர்ப்பு. 1974 ரயில்வே வேலைநிறுத்தம் மே 8 அன்று தொடங்கி மே 27 வரை நடந்தது. அதில் பலரை விசாரணையே இல்லாமல் ரயில்வே ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 14(ii) விதியின்கீழ் நீக்கினார்கள். அந்தத் தலைமுறை ரயில்வேக்காரரைப் பற்றி எழுதினால் அவர் கைதானவரா, நீக்கப்பட்டவரா, இடமாற்றப்பட்டவரா, 1977இல் ஜனதா ஆட்சி வந்தபின் திரும்ப எடுக்கப்பட்டவரா என்று நான்கையும் தனித்தனியே கேளுங்கள். நீக்கப்பட்ட காலத்தில் அவர் சங்கப் பொறுப்பில் எந்தத் தகுதியில் இருந்தார் என்பதும் முக்கியம். வேலையில் இருப்பவர் வேறு, சட்டத்தின் பார்வையில் ‘வெளியாள்’ ஆகிவிட்ட நிர்வாகி வேறு; வெளியாட்களின் எண்ணிக்கைக்கு 22ஆம் பிரிவு வரம்பு போட்டிருந்தது.

சங்கத்துக்குள் இருப்பவை மினிட் புத்தகம், சுற்றறிக்கை, துண்டறிக்கை, சந்தா ரசீதுக் கட்டு. துண்டறிக்கையில் தேதி இருக்கும், ஆண்டு இருக்காது. கிழமையும் தேதியும் இருந்தால் நாட்காட்டியை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். அச்சகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணின் இலக்கங்களும் உதவும். மினிட் புத்தகத்தில் தீர்மானத்தைவிட வருகைப் பதிவு பயன் தரும். அவர் கையெழுத்து முதன்முதலில் எந்தக் கூட்டத்தில் வருகிறது என்று பாருங்கள். சங்கத்துக்கு வந்த உண்மையான தேதி அதுவாகவே இருக்கும். மேடையில் சொல்லும் தேதி பெரும்பாலும் அதற்கு முந்தியது.

பொறுப்பின் பெயரில் தாராளம் காட்டாதீர்கள். வோய்க்ட் லேபர் கவுன்சிலின் வானொலியை உருவாக்கி நடத்தியவர். கவுன்சிலின் செயலாளராக அக்காலத்தில் இருந்தவர் ஜாக் கார்டன். ஆகவே வோய்க்டைத் ‘தொழிற்சங்கத் தலைவர்’ என்று தலைப்பில் போடுவது கார்டனின் இடத்தை அவருக்குக் கொடுப்பதாகும். தொழிற்சங்கங்களுக்குச் சொந்தக் குரல் கிடைக்கச் செய்தவர் என்பதே அவருக்குப் போதுமான பெருமை.

பேட்டி

சங்கத் தலைவரைப் பேட்டி எடுப்பதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. அவர் முப்பது வருடமாகக் கேட் மீட்டிங்கில் பேசியவர். போராட்டத்தைப் பற்றிக் கேட்டதும் குரல் உயர்ந்து மேடைப் பேச்சு வந்துவிடும். நூறு முறை சொன்ன வாக்கியங்கள் அதே வரிசையில் வரும். அதனால் முதல் அமர்வில் சங்கத்தைத் தொடவே வேண்டாம். ஓட்டத்தைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தச் சாலை, வெறுங்காலா கேன்வாஸ் ஷூவா, ஓடும் முன் என்ன சாப்பிட்டார், இரவு ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு வந்தவர் தூங்கிவிட்டு ஓடினாரா ஓடிவிட்டுத் தூங்கினாரா? உடம்பு நினைவில் வைத்திருப்பதை மேடை கெடுத்திருக்காது. அந்தப் பேச்சின் நடை பழகிய பிறகு இரண்டாவது அமர்வில் வேலைக்குச் சேர்ந்த நாளும், மூன்றாவதில் சங்கமும் வரட்டும்.

ஓர் அமர்வு 90 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு கருவிகளில் பதிவு செய்யுங்கள். கைப்பேசி என்றால் விமானப் பயன்முறையில் போட்டு, அவர் வாயிலிருந்து ஒன்றரை முழத் தொலைவில், துணியின் மேல் வையுங்கள். மேசையில் நேரடியாக வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம் இடிபோல் விழும். மின்விசிறியை நிறுத்துங்கள், சமையல் நேரத்தைத் தவிருங்கள். சுருக்காத வேவ் கோப்பாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஒற்றைத் தடத்தில் பதிந்தால் மணிக்கு 520 மெகாபைட் அளவுக்கு இடம் பிடிக்கும். முன்னதாகவே இடத்தைக் காலி செய்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் பெயர், தேதி, இடம் மூன்றையும் குரலில் பதியுங்கள். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வையுங்கள்.

அவரோடு நிறுத்திவிடாமல் இன்னும் நான்கு பக்கம் போக வேண்டும்: அவரோடு ஓடியவர், எதிர்ச் சங்கத்தில் இருந்தவர், அப்போது பணியாளர் நலப் பிரிவில் இருந்த அதிகாரி, வீட்டில் இருப்பவர். வீட்டாரை அவர் இல்லாத நேரத்தில், அவர் ஒப்புதலோடு, தனியே கேளுங்கள். வேலைநிறுத்த மாதத்தில் சம்பளம் இல்லாதபோது அரிசி எங்கிருந்து வந்தது, யார் கடன் கொடுத்தார்கள், பதக்கம் எதுவும் அடகுக்குப் போனதா என்பது மனைவிக்குத்தான் தெரியும். கேட்கும்போது பணிவு வேண்டும். சொல்ல விரும்பாததை வற்புறுத்தக் கூடாது. வெளியிடலாமா என்று தனியே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். சங்கப் பிளவு, நிதிக் குற்றச்சாட்டு போன்றவற்றை வாய்மொழியை நம்பி எழுத வேண்டாம். தணிக்கை அறிக்கையோ நீதிமன்ற உத்தரவோ இருந்தால் மட்டும், அதிலுள்ள சொற்களில் எழுதுங்கள்.

எழுதும்போது

வேலைநிறுத்தத்தை மாரத்தானோடு ஒப்பிடும் ஆசை எல்லோருக்கும் வரும். வரைவில் அந்த ஒப்பீடு எங்கே வந்தாலும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஓட்டம் உண்மையில் என்ன கொடுத்தது என்று எழுதுங்கள். காலை ஐந்தரை மணிக் கேட் மீட்டிங்குக்கும் இரவு பத்து மணி ஷிப்ட் மாறும்போது நடக்கும் கூட்டத்துக்கும் ஒரே நாளில் நிற்க முடிந்த உடம்பு. மற்ற ஊர் டிப்போக்களில் தெரிந்த முகங்கள். விளையாட்டு அதிகாரியாக இருந்தவரே பிறகு பேச்சுவார்த்தை மேசைக்கு எதிரே உட்கார்ந்தபோது இருந்த பழக்கம், அதனால் வந்த நன்மை, அதனால் வந்த சந்தேகம். இவற்றுக்குச் சான்று கிடைத்தால் இரண்டு பாதியும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். கிடைக்காவிட்டால் ஒட்டாமலே விடுங்கள். சிலருக்கு ஓட்டம் வேலை வாங்கித் தந்ததோடு முடிந்துபோன விஷயம்தான்.

பக்கக் கணக்கில், ஓட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, நடு ஆண்டுகளுக்கு ஏறக்குறைய அதே அளவு, சங்கத்துக்கு மீதி என்று வைத்துத் தொடங்கலாம். நேரத்தையும் தூரத்தையும் பத்திக்குள் திணிக்காமல் பின்னிணைப்பில் ஒரு பட்டியலாகத் தாருங்கள். பத்திக்குள் வருவது மூன்று அல்லது நான்கு பந்தயங்கள் போதும். ஒப்பந்தங்களுக்கும் அப்படியே. வரைவு முடிந்ததும் ஓட்டப் பகுதியைத் தடகளம் தெரிந்தவரிடமும் சங்கப் பகுதியைப் பழைய செயற்குழு உறுப்பினரிடமும் கொடுங்கள். பிறகு இருவரிடமும் பகுதிகளை மாற்றிக் கொடுங்கள். தெரியாதவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே விளக்கம் போதவில்லை என்று பொருள்.

கடன் வாங்கிய தாள்களை நகலெடுக்கும்போது எழுத்துப் பக்கங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தி, புகைப்படங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் 600. தையல் விட்ட மினிட் புத்தகத்தை ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு உடைந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து படம் எடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பத்தாண்டில் அது காகிதத்தை மஞ்சளாக்கிவிடும். நகலின் ஒரு பிரதி சங்கத்துக்கு, ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று நூலகத்துக்கு. வாங்கும்போது எத்தனை பக்கம், எந்த நிலையில் என்று எழுதிக் கொடுத்த ரசீதை, திருப்பித் தரும் அன்று அதே தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.